நாவின் சாட்சியம்

"நாக்கை நீட்டு!"

மருத்துவரை நாடிச் சென்ற எவரும் கேட்டிருக்கும் கட்டளை இது. பட்டம் பெற்ற மருத்துவரும் சொல்வார். பரம்பரை வைத்தியரும் சொல்வார். முகாம் போட்டு மருந்துப் பொடி விற்பவரும் சொல்வார். மூவரும் பார்ப்பது ஒரே நாவைத்தான். ஆனால் மூவரும் ஒன்றையேதான் காண்கிறார்களா? கண்டதிலிருந்து எதை முடிவு கட்டுகிறார்கள்? முடிவு தவறானால், அது தவறென்று அறிந்துகொள்ள அவர்களிடம் வழி ஏதும் உண்டா? இந்த மூன்றாவது வினாவுக்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எழுதத் தூண்டியவள் ஒரு மாணவி.

புதுவை நகருக்கு வடமேற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிக் கிடக்கிறது சேதராப்பட்டு. ஒருபுறம் தொழிற்பேட்டை, மறுபுறம் வயல்வெளி. இந்த வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தும் நாம், ஒருநாள் காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு சிறுமி தள்ளாடி விழக் கண்டோம். எட்டாம் வகுப்பு, வயது 13. மாடிப்படி ஏறுகையில் இருமுறை நின்று மூச்சு வாங்குவாள். சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள் என்று தோழியர் கேலி பேசுவர். அன்று அவள் பாட்டியை வரவழைத்தோம்.

"வாத்தியாரய்யா, புள்ளைக்கு நாக்கு வெளுத்துப்போயி நாலு மாசம் ஆகுது. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். முகாமுக்கு வந்த வைத்தியருகிட்டக் காட்டினேன். சிறுநீரகத்துலே குளிர்ச்சி கட்டியிருக்குன்னு பொடி குடுத்தாரு. பள்ளிக்கூடத்துலே குடுக்கிற மாத்திரை சூடு, சாப்பிடக் கூடாதுன்னுட்டாரு" என்றார் அந்த மூதாட்டி.

முகாமுக்கு வந்தவர் மருத்துவம் எதையும் முறையாகப் படித்தவர் அல்லர். சீன முறை என்றும் சித்தர் முறை என்றும் ஒரே பலகையில் எழுதியிருந்தார். மேசைமீது நாவின் வண்ணப்படம்: நுனியிலே இதயம், ஓரங்களிலே கல்லீரல், நடுவிலே வயிறு, அடியிலே சிறுநீரகம்! நான்கு திங்கள் பொடி விற்றவர் ஒரு துளி இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் அந்தத் துளியைச் சோதித்தார்கள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஈமோகுளோபின் அவளிடம் 6.8 கிராமே இருந்தது. மலத்தில் கொக்கிப்புழுவின் முட்டைகள். குடலைக் கவ்விக்கொண்டு குருதி குடிக்கும் புழு, நான்கு திங்களாகத் தன் வேலையைத் தடையின்றி நடத்திவந்திருக்கிறது. சிறுநீரகத்துக்கு ஒரு கேடும் இல்லை.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். எழுத்தறியாப் பாட்டி நாவைப் பார்த்து, "வெளுத்துவிட்டது" என்றார். அது உண்மை. வண்ணப்படம் வைத்திருந்தவரும் அதே நாவைப் பார்த்தார். "சிறுநீரகக் குளிர்ச்சி" என்றார். அது பொய். ஆகவே, நாவைப் பார்ப்பதே மூடத்தனம் என்று சொல்லிவிட முடியாது. பாட்டியின் பார்வைக்கும் படத்தின் தீர்ப்புக்கும் இடையே எங்கோ ஓரிடத்தில் அறிவு வழுக்கி விழுந்திருக்கிறது. அந்த இடத்தைக் காண்பதே நம் வேலை.

தமிழ் மருத்துவத்தில் நாவைத் தேர்வது நேற்று வந்த பழக்கமன்று. நோயை அறியச் சித்த மருத்துவம் எண்வகைத் தேர்வு என்று எட்டு வழிகளைக் கூறுகிறது. நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர் என்பன அவை. வளி மிகுந்தால் நா கறுத்து வெடிக்கும். அழல் மிகுந்தால் மஞ்சளாகும் அல்லது சிவக்கும். ஐயம் மிகுந்தால் வெளுத்துப் பிசுபிசுக்கும். குருதி குறைந்தாலும் நா வெளிறும் என்பது அம்முறை. சீனத்திலும் இக்கலை தழைத்தது. 1341இல் நாவின் 36 தோற்றங்களைப் படம் வரைந்து விளக்கிய நூல் ஒன்று அங்கே தோன்றியது. நாவை இதயத்தின் தளிர் என்று சொல்வது அந்நாட்டு மருத்துவ மரபு.

நுண்ணோக்கியும் இல்லை, சோதனைக்கூடமும் இல்லை. நோயாளியின் உடலைத் தவிர வேறு ஏடு இல்லாத காலம். அக்காலத்தில் கண்ணையும் கையையும் கருவியாக்கி உடலைப் படிக்க முயன்றவர்களை நாம் இகழமாட்டோம். 'எல்லாம் விதி, எல்லாம் முன்வினை' என்று கிடந்த நாட்டில், நோய்க்குக் காரணம் உடலில் இருக்கிறது, அதைத் தேடு என்று சொன்னதே பெரும் புரட்சியன்றோ! வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்த பின்பே மருத்துவத்தில் இறங்கச் சொல்கிறார்.

பின், தவறு எங்கே நேர்ந்தது? அந்த அறிவு அடைக்கப்பட்ட கலத்தில் தேடுவோம்.

நம் மருத்துவ நூல்கள் பெரும்பாலும் செய்யுளால் ஆனவை. ஏடு அரிதாயிருந்த நாளில் மனப்பாடம் செய்ய அது துணை செய்தது. ஆனால் செய்யுளில் எதுகைக்கு இடமுண்டு, விதிவிலக்குக்கு இடமில்லை. 'பத்துப் பேரில் எழுவருக்கு இப்படி இருந்தது, மூவருக்கு இல்லை' என்று எந்த விருத்தமும் பாடுவதில்லை. கண்டவர் ஐயத்தோடு கண்டிருக்கலாம். பாடியபோது ஐயம் உதிர்ந்துவிட்டது. கேட்ட மாணவன் அதை முடிந்த முடிவாகக் கொண்டான். குருவைக் கேள்வி கேட்பது குற்றமென்ற வழக்கமும், மறைபொருளாகப் பாடி உரியவருக்கு மட்டும் உணர்த்தும் வழக்கமும் சேர்ந்துகொண்டன. வாயிலையும் சன்னலையும் அடைத்துவிட்டு விளக்கேற்றினால் வீட்டில் புகைதானே மிஞ்சும்?

உவமையால் வந்த கேடும் உண்டு. நா உள்ளத்தை வெளிப்படுத்துகிறது. ஆகவே நுனியில் இதயம் இருக்கிறது. அடிநா ஆழத்தில் இருக்கிறது. சிறுநீரகமும் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே இரண்டுக்கும் உறவு. கவிதையில் இத்தகைய உவமை இனிக்கும். நிலவைப் பெண்ணின் முகம் என்று கவிஞர் பாடினால் தலையசைத்து மகிழ்வோம்; அதற்காக நிலவுக்குக் கண்மை தீட்டக் கிளம்புவோமா? மருத்துவத்தில் உவமை ஆராய்ச்சியைத் தொடங்கிவைக்கலாம். அது ஒருபோதும் சான்றாகாது.

நா ஏன் நிறம் மாறுகிறது? நாவின் மேற்பரப்பு மெல்லிய சவ்வு. அடியில் ஓடும் குருதியின் செம்மை அதனூடே தெரிகிறது. குருதியின் சிவப்புப் பொருள் குறைந்தால் நா வெளிறுகிறது. மேலே படியும் வெண்மாவு, நாவின் நுண்ணிய முகிழ்களுக்கிடையே உதிர்ந்த தோலும் உணவுத் துணுக்கும் கிருமிகளும் தங்குவதால் வருவது. காய்ச்சலில் படுத்தாலும், உண்ணாமல் கிடந்தாலும், வாய் உலர்ந்தாலும் அது மிகும். இவ்வளவும் உண்மை. ஆனால் ஒரு நிறத்துக்கு ஒரே காரணம் என்பதுதான் உண்மையன்று.

வெற்றிலை போட்ட பாட்டியின் நாவைப் படக்காரரிடம் காட்டுங்கள். உடம்பெல்லாம் அனல் என்பார். நாவற்பழம் தின்ற பையனின் நாவைச் சீன முறைப்படி படியுங்கள். ஊதா நிறம், ஆகவே குருதி தேங்கிக் கிடக்கிறது என்று முடிவாகும். நகைச்சுவை இருக்கட்டும், கவலைக்குரியது வேறொன்று. இரும்புச்சத்துக் குறைந்த சோகையில் நா வெளிறும். ஃபோலிக் அமிலமோ பி12 உயிர்ச்சத்தோ குறைந்த சோகையில் அதே நா சிவந்து, வழவழத்து, எரியும். இரண்டும் சோகையே. நிறத்தை மட்டும் நம்பினால் ஒருத்திக்குக் 'குளிர்ச்சி' என்றும் மற்றொருத்திக்குச் 'சூடு' என்றும் பெயரிட்டு, இருவரையும் சாகவிட நேரும்.

படிப்பவர்கள் தமக்குள்ளாவது ஒத்துப்போகிறார்களா? சீன முறையில் தேர்ந்த மருத்துவர்களிடம் ஒரே நாக்குகளின் படங்களைக் காட்டிச் சோதித்த ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் காணவில்லை. ஒத்த கருத்து குறைவாகவே இருந்தது. ஒரே எழுத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் படித்தால் அதை நெடுங்கணக்கில் சேர்ப்பது எங்ஙனம்?

"மேலைநாட்டான் சொன்னால் அறிவியல், நம்மவர் சொன்னால் மூடநம்பிக்கையோ?" என்று சில தோழர்கள் சினக்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தியைச் சொல்ல விரும்புகிறோம். வெளுப்பு நோய்க்குச் சித்த மருத்துவம் தரும் மருந்துகளில் ஒன்று அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி என்பது பச்சை நிறப் படிகம்; வேதியியலில் அதன் பெயர் இரும்புச் சல்பேட்டு. 1832இல் பியேர் பிளோ என்ற பிரெஞ்சு மருத்துவர், வெளுத்துச் சோர்ந்த இளம்பெண்களுக்கென ஒரு மாத்திரையை வெளியிட்டார். அதிலும் இருந்தது அதே இரும்புச் சல்பேட்டுதான். இன்று அரசு மருத்துவமனைகள் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் பெரும்பாலும் அதுவே. தமிழ்ச் சித்தரும் பிரெஞ்சு மருத்துவரும் ஒரே உப்பைக் கையில் எடுத்தார்கள். பெருமைப்படலாம், தடையில்லை.

ஆனால் பெருமையோடு நின்றுவிடக் கூடாது. எவ்வளவு கொடுத்தால் எத்தனை நாளில் குருதி ஊறும், யாருக்கு ஊறாது, ஊறாதவருக்கு வேறு என்ன குறை என்று அளந்து பார்த்த பிறகே அந்த உப்பு உலக மருந்தாயிற்று. நாம் வளியும் அழலும் ஐயமும் பேசிக்கொண்டு நின்றோம், அளப்பவர் நடந்தார். நம் மூதாதையர் நட்ட மரத்தின் கனியை நாம் இழந்ததற்கு மாற்றான் காரணமல்லன். கேள்வியை நிறுத்திய நாமே காரணம்.

மேலைநாட்டு அறிவியலும் நாவைத் தவறாகப் படித்ததுண்டு. அதில் நமக்கும் பங்குண்டு, ஒப்புக்கொள்கிறோம். நாவின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும் என்று கரும்பலகையில் படம் வரைந்து பாடம் சொல்லாத ஆசிரியர் யார்? 1901இல் ஹேனிக் என்ற ஜெர்மானியர் நாவின் பகுதிகளுக்கிடையே சுவையறியும் ஆற்றலில் சிறு வேறுபாடுகளைக் கண்டார். 1942இல் அமெரிக்க உளவியலாளர் போரிங் தம் நூலில் அதை எடுத்தாண்ட விதத்தால் சிறு வேறுபாடு பெருஞ்சுவராக வளர்ந்தது. 1974இல் வர்ஜீனியா காலிங்ஸ் மீண்டும் சோதித்து, வேறுபாடு மிகச் சிறிதே என்று காட்டினார். சுவை அரும்புகள் உள்ள இடமெங்கும் எல்லாச் சுவையும் தெரியும். இதற்கு ஆய்வகமே தேவையில்லை. நாவின் நுனியில் ஓர் உப்புக் கல்லை வைத்தால் போதும். அந்த ஒரு கல்லை வைத்துப் பார்க்காமல் நாமும் படம் வரைந்தோமே! முகாமில் வண்ணப்படம் காட்டியவருக்கும் கரும்பலகையில் படம் வரைந்த நமக்கும் அந்த நேரத்தில் என்ன வேறுபாடு?

வேறுபாடு ஒன்று உண்டு. அறிவியல் தன் பிழையைத் தானே திருத்தியது. தவறென்று காட்டியவரை அது குருத்துரோகி என்று தூற்றவில்லை. இதை மட்டும் நம் இளைஞர் உள்ளத்தில் பதித்துவிட்டால் மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்வர்.

அப்படியானால் நாவைச் சோதித்து உண்மை கண்டவர் உண்டா? உண்டு; அதுவும் நம் பக்கத்திலேயே.

1928இல் லூசி வில்சு என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழில் செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கொடிய சோகையால் மடிந்துகொண்டிருந்தனர். அவர் அவர்கள் உண்பதை ஆராய்ந்தார். குரங்குகளுக்கு அவ்வுணவைக் கொடுத்துப் பார்த்தார். மலிவான ஈஸ்ட் சாறு அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931இல் வெளியிட்டார். அச்சாற்றில் மறைந்திருந்த பொருள் 1941இல் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. நம் பள்ளிகளில் வாரம் ஒருமுறை தரப்படும் நீல நிற மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுவே. அந்த மாத்திரையைத்தான் 'சூடு' என்று சொல்லித் தடுத்தார், முகாமுக்கு வந்தவர்!

இன்னொன்று திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்தது. 1996இல் தொடங்கி, 13 ஊராட்சிப் பகுதிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பிரிவில் 35 வயதுக்கு மேற்பட்டோரின் வாயையும் நாவையும் வீடுதோறும் சென்று பார்த்தனர். ஆறாத புண் உண்டா? வெண்படலம் உண்டா? செந்திட்டு உண்டா? கண்டவரை மருத்துவரிடம் அனுப்பினர். மற்றப் பிரிவில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 2005இல் முடிவு வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு, பார்வையிட்ட பகுதிகளில் 34 விழுக்காடு குறைந்திருந்தது. வீடு வீடாகச் சென்று நாவைப் பார்த்தவர் யார் தெரியுமா? மருத்துவர்கள் அல்லர்; மருத்துவம் சாராத பட்டம் பெற்று, பயிற்சியளிக்கப்பட்ட நம்மைப் போன்றவர்கள்!

தோழர்களே, நாவைப் படிப்பது இதுதான். எதைப் பார்க்கவேண்டும் என்பது வரையறுக்கப்பட்டிருந்தது. கண்டவர் தீர்ப்புச் சொல்லவில்லை. உரிய இடத்துக்கு அனுப்பினார். பார்த்ததால் பயன் விளைந்ததா என்று பார்க்காத பகுதியோடு ஒப்பிட்டு அளந்தனர். நா சாட்சி சொல்லும். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் தீர்ப்பு எழுதும் வழக்கறிவு எந்த நாட்டில் உண்டு?

இன்று புதிய ஆடை அணிந்தும் பழைய படம் வருகிறது. 2024இல் ஈராக்கையும் ஆஸ்திரேலியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள், 5,260 படங்களைக் கொண்டு ஒரு கணிப்பொறியைப் பழக்கி, நாவின் நிறத்தால் நோயை 98 விழுக்காடு சரியாக அறியலாம் என்று அறிவித்தனர். நோயாளிகளின் நாக்குகள் என்று எடுத்துச் சோதித்தவை 60 மட்டுமே. முயற்சியை வரவேற்போம், பறைசாற்றலை நம்பி ஏமாறமாட்டோம். ஓலைச்சுவடியிடம் கேட்கும் கேள்வியையே கணிப்பொறியிடமும் கேட்போம்: எத்தனை பேரிடம் பார்த்தாய்? எத்தனை முறை தவறினாய்?

முறையாகப் பயின்ற சித்த மருத்துவருக்கும் இதனால் இழுக்கில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறக்கப்பட்டது. ஐந்தரை ஆண்டு பயில்பவர் நாவையும் பார்க்கட்டும், குருதியையும் அளக்கட்டும். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று எழுதி வெளியிடட்டும். தேறியது நிலைக்கும், தேறாதது கழியும். அதுவே சித்தருக்குச் செய்யும் உண்மையான சிறப்பு.

இனி நம் கடமை. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் சோகையுற்றவர். பாதிக்கு மேல்! வகுப்பறையில் எழுந்து நிற்கும் பெண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். ஆண்பிள்ளைக்கு முட்டை, பெண்பிள்ளைக்கு மிச்சம் என்னும் வீட்டுச் சட்டமும் இந்தக் கணக்கில் அடங்கும். வெளிறிய நாவும் வெளிறிய கண்ணிமையும் வெளிறிய உள்ளங்கையும் கடுஞ்சோகையைக் காட்டும். இலேசான சோகையைக் காட்டாமல் விட்டுவிடும். ஆகவே நா சிவப்பாயிருக்கிறதென்று நிம்மதி கொள்ளவும் கூடாது. ஒரு துளி இரத்தம் எடுத்து அளப்பதே வழி.

நம் பள்ளியிலும் வாரந்தோறும் மாத்திரை கொடுத்தோம். பதிவேட்டில் குறியும் இட்டோம். அவள் அதை வாங்கிச் சன்னல் வழியே எறிந்ததை நாம் காணவில்லை. முகாம் போட்டவர் நான்கு திங்கள் ஏமாற்றினார் என்றால், நான்கு திங்கள் பாராமுகமாய் இருந்தவர் நாம். 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் சில கல் தொலைவில் இருக்கிறது. அவ்வளவு அருகில் மருத்துவம் இருந்தும் சேதராப்பட்டுச் சிறுமிக்கு எட்டவில்லை. இடையே நின்றது தொலைவன்று. கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

இப்போது மாத்திரை நாளில் எதிரே நின்று விழுங்கச் சொல்கிறோம். ஏன் என்றும் விளக்குகிறோம். புழு மருந்தையும் வெறுங்காலோடு வெளிக்குப் போகும் தீங்கையும் தாய்மார் கூட்டத்தில் பேசுகிறோம். மூன்று திங்களுக்குப் பின் அவளுடைய கணக்கு 10.9. படியில் நிற்காமல் ஏறுகிறாள். சென்ற வாரம் நாவற்பழம் தின்றுவிட்டு வந்து, ஊதா நாவை நீட்டி, "சார், எனக்கு என்ன நோய், சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். வகுப்பே சிரித்தது. "பழம் தின்ற நோய்" என்றோம். "பார்த்ததும் எப்படிச் சொல்றீங்க? சோதிச்சீங்களா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி!

அந்தக் கேள்வி வீடுதோறும் ஒலிக்கட்டும். சுவடியைப் பார்த்துக் கேட்கட்டும். பாடநூலைப் பார்த்துக் கேட்கட்டும். ஆசிரியராகிய நம்மைப் பார்த்தும் கேட்கட்டும். நோயைக் காட்டும் நாவைவிட, கேள்வி கேட்கும் நாவே இந்நாட்டுக்கு இன்று தேவை.